வாளையாற்றுக்கு இருபுறமும் இரண்டு கம்பெனி கிளப்புகள்

2019 மார்ச் 9, சனிக்கிழமை. ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக்கின் கடைசி நாள். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டியும் மினர்வா பஞ்சாபும். அதே நேரத்தில் கோழிக்கோடு இ.எம்.எஸ். ஸ்டேடியத்தில் கோகுலம் கேரளாவும் ஈஸ்ட் பெங்காலும். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. சென்னை சிட்டி ஜெயித்துவிட்டால் வேறு கணக்கு வேண்டாம். தடுக்கி விழுந்தால் கோழிக்கோட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்தாக வேண்டும். மூன்றாவது நிமிடமே மினர்வா கோல் போட்டுவிட்டது.

தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாற்றின் கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர், மீனாட்சிபுரம் எனத் தமிழ் பேசும் ஊர்களுக்கு அந்த மாலை போல இன்னொன்று வாய்க்கவில்லை. கோயம்புத்தூர் உக்கடத்துக்கு பஸ் ஏறினால் ஒரு கிளப். பாலக்காட்டில் ரயில் ஏறி ஷொர்ணூர் வழியே போனால் இன்னொரு கிளப். மற்ற நாளெல்லாம் ‘நீ எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி இருக்கும். அன்று அது இல்லை. கோகுலம் ஈஸ்ட் பெங்காலை மடக்கினால் சென்னை சிட்டிக்குக் கோப்பை. இரண்டு வேண்டுதலும் ஒன்றாகிப்போன ஒரே நாள்.

இரண்டாம் பாதியில் மார்கஸ் ஜோசப் கோகுலத்துக்கு ஒரு கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் பெனால்டியில் சமன் செய்து, பிறகு 2-1 என்று ஜெயித்தும்விட்டது. ஆனால் அதற்குள் கோயம்புத்தூரில் பெட்ரோ மான்சி பெனால்டியை உள்ளே தள்ளியிருந்தார். கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தமிழ்நாட்டுக் கிளப் இந்திய சாம்பியன்.

இரண்டு ஆண்டு கழித்து கோகுலம் சாம்பியன் ஆனது. அதற்கடுத்த சீசனில் ஆடிய அணிகளின் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை.

இரண்டும் தனியார் பணத்தில் நடந்த கிளப்புகள். இரண்டையும் உயரத்துக்கு ஏற்றியது வெளிநாட்டு கோச். ஒன்று நிற்கிறது, ஒன்று போய்விட்டது. கோகுலம் ஜெயிக்கும்போது இந்தப் பக்கத்து ரசிகர் கைதட்டிக்கொண்டே ஒரு பயத்தையும் உள்ளே வைத்திருக்கிறாரே, அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது, எந்த அளவுக்கு நியாயம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அணியின் பெயரில் கம்பெனி இருப்பது இந்தப் பகுதி ரசிகருக்கு ஒரு குறையே கிடையாது. பாலக்காடு, மலப்புறம் பக்கம் அறுவடை முடிந்த வயலிலும் பள்ளி மைதானத்திலும் கமுகு மரத்தையும் மூங்கிலையும் கட்டி கேலரி போட்டு, இரவு விளக்கில் அணிக்கு ஏழு பேராக நடக்கும் செவன்ஸ் ஆட்டங்களைப் பாருங்கள். அல் மதீனா செர்ப்புளச்சேரி, சூப்பர் ஸ்டுடியோ மலப்புறம், ராயல் டிராவல்ஸ் கோழிக்கோடு. கடைப்பெயரும் டிராவல்ஸ் பெயரும்தான் அணியின் பெயர். அதைச் சொல்லித்தான் கேலரி கத்துகிறது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி ஆட்டக்காரரை இறக்குவார்கள். அடுத்த வாரம் அதே ஆள் எதிரணிக்கு ஆடினாலும் யாரும் துரோகி என்று சொல்வதில்லை. கமிட்டியும் முதலாளியும் கணக்கு முடித்ததும் கதை முடிந்தது. செவன்ஸ் ரசிகர் அணியோடு ஒரு ராத்திரிக்குத்தான் உறவு வைக்கிறார்.

பதினோரு பேர் ஆடும் லீக் கிளப் அப்படியல்ல. அது பத்து வருஷம் மனசு வைக்கச் சொல்கிறது. மனசு வைத்த பிறகு கம்பெனி கடையைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் முன்பே பார்த்திருக்கிறது. களமசேரி பிரீமியர் டயர்ஸ் ஒரு காலத்தில் பெரிய அணி. இன்று பழைய ஆட்டக்காரர்களின் பேச்சில் மட்டும் இருக்கிறது. எஃப்.சி. கொச்சின் 1997-ல் தொடங்கி அதே ஆண்டு நாட்டின் பழைய போட்டியான டூரண்ட் கோப்பையைத் தூக்கியது. கொஞ்ச வருஷத்தில் காணாமல் போனது. வடக்கேயும் இதே கதைதான். ஐ-லீக்குக்கு முன்பிருந்த தேசிய லீக்கை முதன்முதலில் வென்ற ஜே.சி.டி. 2011-ல் மூடப்பட்டது, மஹிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய ஆண்டே.

இந்த வரிசையில்தான் 2017-ல் கோகுலம் வந்தது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு அந்தப் பெயர் கால்பந்துக்கு முன்பே பழக்கம், சீட்டுக் கம்பெனியாக. ஸ்ரீ கோகுலம் சிட்ஸுக்குத் தலைமையிடம் சென்னை, நிறுவியவர் வடகரைக்காரர். தமிழ்நாட்டுக்கும் மலபாருக்கும் இடையே எல்லைப்புறத்துக்கு இருக்கும் அதே இரட்டை உறவு இந்தக் கம்பெனிக்கும் உண்டு. முதல் சீசனிலேயே கொல்கத்தாவின் இரண்டு பெரிய அணிகளையும் வீழ்த்தினார்கள். அடுத்த சீசன் தடுமாற்றம். 2019 ஆகஸ்டில் ஸ்பெயின்காரர் வரேலாவின் கீழ் டூரண்ட் கோப்பை: இறுதியில் மோகன் பகானை அதன் ஊரிலேயே 2-1 என்று தோற்கடித்தார்கள், இரண்டு கோலும் மார்கஸ் ஜோசப். எஃப்.சி. கொச்சினுக்குப் பிறகு அந்தக் கோப்பை கேரளத்துக்கு வந்தது அப்போதுதான்.

2020-ல் வின்சென்சோ ஆல்பர்ட்டோ அன்னேசே வந்தார். இத்தாலியர், முப்பதுகளின் நடுவில் இருந்தவர். பெலீஸ், கானா, இந்தோனேசியா என்று சுற்றி வந்தவர். பெரிய பெயர் கிடையாது. அவர் செய்ததை விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பணம் இருந்தது, ஜெயித்தார்கள்’ என்று சொல்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

2020-21 சீசனில் ஒரு அணிக்கு மூன்று வெளிநாட்டவர், கூட ஆசியாவிலிருந்து ஒருவர், அவ்வளவுதான் அனுமதி. அந்த நான்கு இடத்தையும் அன்னேசே எப்படி நிரப்பினார் என்று பாருங்கள். பின்னால் கானாவின் முகமது அவல், நடுவில் ஆப்கானிஸ்தானின் ஷரீஃப் முகமது, முன்னால் கானாவின் டென்னிஸ் அன்ட்வியும் பிலிப் அட்ஜாவும். அணியின் முதுகெலும்புக்கு மட்டும் வெளியாள். ஓடி ஓடி பந்தைப் பறிக்கும் வேலையும் இருபக்கமும் ஏறி இறங்கும் வேலையும் வயநாட்டு எமில் பென்னி, முகமது ரஷீத் போன்ற உள்ளூர்ப் பையன்களுக்கு. இந்தப் பிரிவினை தப்பினால் அணி நடுவில் உடையும்: வெளிநாட்டு முன்னணி வீரர் பந்துக்காகக் காத்து நிற்பார், இங்கே பந்தைப் பறிக்க ஆள் இருக்காது. ஐ-லீக்கில் பாதி அணிகள் விழுவது இந்தக் குழியில்தான்.

ஆரம்பம் நன்றாக இல்லை. முதல் ஆட்டமே தோல்வி, அதுவும் சென்னை சிட்டியிடம் 2-1. கொரோனா காலம் என்பதால் சீசன் முழுக்க வங்காளத்தில். முதல் சுற்றில் ஆளுக்குப் பத்து ஆட்டம், முதல் ஆறு அணிகளுக்கு மேலும் ஐந்து. 2021 மார்ச் 27 கடைசி நாளில் மணிப்பூரின் ட்ராவ் அணியிடம் முதல் பாதியிலேயே ஒரு கோல் பின்தங்கினார்கள். எழுபதாவது நிமிடம் நெருங்கும்வரை அப்படியே. பிறகு ஷரீஃப், எமில் பென்னி, அன்ட்வி என்று பத்து நிமிடத்துக்குள் மூன்று கோல். கடைசியில் ரஷீத் ஒன்று. 4-1.

அந்தப் பத்து நிமிடத்தை மறுபடி ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். மூன்று கோலும் அதிர்ஷ்டத்தில் விழுந்தவை அல்ல. முன்னணியில் இருந்த ட்ராவ் பின்வாங்கிப் பெட்டிக்குள் அடைந்தது. கோகுலம் அவர்களை வெளியே வரவே விடவில்லை. வெளியே அடித்த பந்து ஒவ்வொன்றும் நடுக்கோட்டைத் தாண்டும் முன் திரும்பி வந்துகொண்டிருந்தது. எழுபது நிமிடம் ஓடிய கால்கள் அதற்குப் பிறகு இப்படி ஓடுவது கோச் தயார்செய்து வைத்ததால்தான் நடக்கும். காசு கொடுத்து வாங்க முடியாது. 29 புள்ளியில் சர்ச்சில் பிரதர்ஸும் கோகுலமும் சமம். இரு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய கணக்கில் கோகுலத்துக்குக் கோப்பை. கேரளக் கிளப் ஒன்று தேசிய லீக்கை வெல்வது அதுவே முதல் முறை.

அடுத்த சீசன் இன்னும் உறுதியாக இருந்தது. 18 ஆட்டம், 43 புள்ளி. இரண்டு சீசனையும் சேர்த்து 21 ஆட்டம் தோல்வியே இல்லை. அந்தச் சங்கிலியை 3-1 என்று அறுத்தது ஆந்திரத்து விசாகப்பட்டினத்தின் பெயரில் அனுமதி வாங்கி ஹைதராபாத்தை ஊராக்கிக்கொண்ட ஸ்ரீநிதி டெக்கான். அதுவும் கல்வி நிறுவனக் குழுமம் ஒன்றின் கிளப். அங்கே கோச் யார் என்றால் கோகுலத்துக்கு டூரண்ட் வாங்கித் தந்த அதே வரேலா! கம்பெனி கிளப்புகளின் உலகம் இவ்வளவு சிறியது. 2022 மே 14 அன்று கொல்கத்தாவில் முகமதனுடன் கடைசி ஆட்டம். டிரா போதும். மைதானம் முழுக்க முகமதன் கூட்டம். ரிஷாத் ஒரு கோல், எமில் பென்னி ஒன்று, 2-1. ஐ-லீக் என்று பெயர் மாறிய பிறகு கோப்பையைத் தொடர்ந்து இரண்டாம் முறை வென்ற முதல் அணி.

நான்கே நாளில் ஆசியக் கிளப்புகள் மோதும் ஏ.எஃப்.சி. கோப்பை. மே 18 அன்று, ஐ-லீக்குக்கு மேலே இருக்கும் ஐ.எஸ்.எல். லீக்கின் அணியான ஏ.டி.கே. மோகன் பகானை 4-2 என்று புரட்டினார்கள். லூகா மய்செனுக்கு இரண்டு, ரிஷாத்துக்கும் ஜித்தினுக்கும் ஒவ்வொன்று. அதற்குப் பிறகு மூன்று மூன்று நாள் இடைவெளியில் மாலத்தீவின் மஸியாவிடம் 1-0, வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸிடம் 2-1 என்று தோற்று வெளியே வந்தார்கள். காரணம் எளிது. பத்து நாளில் நான்கு பெரிய ஆட்டத்துக்கு அதே பதினோரு பேரை ஓடவிட்டால் மூன்றாவது ஆட்டத்தில் கால் கனக்கும். மாற்று வீரர்களை அதே தரத்தில் வைத்திருப்பதுதான் உண்மையில் செலவு பிடிக்கும் விஷயம். கோச்சின் வேலை முடிந்து கம்பெனியின் வேலை தொடங்கும் இடமும் அதுதான்.

அந்த மே மாதத்தைக் கேரளம் மறக்காது. 2-ஆம் தேதி மஞ்சேரி பய்யநாட்டில் மாநில அணி வங்காளத்தைப் பெனால்டியில் வீழ்த்திச் சந்தோஷ் கோப்பை வென்றது. 14-இல் கோகுலம் ஆண்கள். 26-இல் கோகுலம் பெண்கள் தேசிய லீக்கை வென்றார்கள், பதினொன்றுக்குப் பதினொன்றும் ஜெயித்து. கடைசி ஆட்டத்தில் எதிரே நின்றது மதுரையின் சேது அணி. அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில் சேதுவின் பழைய முகங்களான கடலூர் மாவட்டத்துப் பெண்கள் சந்தியா ரங்கநாதனும் இந்துமதி கதிரேசனும் கோகுலம் ஜெர்சியில் ஆடினார்கள். இந்த அணியை நம் அணி என்று எல்லைத் தமிழர் சொல்ல எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல காரணம் இல்லை.

இனி மனக்குறைக்கு வருகிறேன்.

பய்யநாட்டில் கேலரி நிரம்பி வழிந்ததே, அந்தக் கூட்டத்தால் கோகுலம் லீக்கை வென்ற இரண்டு ஆண்டும் ஒரு ஆட்டத்தைக்கூட மைதானத்தில் பார்க்க முடியவில்லை. எல்லாமே வங்காளத்தில். சாம்பியன் அணியை ரசிகர் டி.வி.யில்தான் கண்டார். ஒரு கிளப் ஊரோடு ஒட்டுவது ஜெயித்துவிட்டு வீட்டுக்கு நடந்து போகும் ராத்திரிகளில்தான். அந்த ராத்திரிகள் கிடைக்கவில்லை. இதற்குக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய குறை, இரண்டு முறை முதலிடம் வந்தும் மேலே ஏற ஏணி இல்லாமல் போனது. அப்போது ஐ-லீக்கை வென்றால் ஐ.எஸ்.எல்.-க்குப் போக முடியாது. வென்றவருக்கு ஏற்றம் என்ற விதி 2022-23-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு வென்றது ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப், அவர்கள் மேலே போனார்கள். கோகுலம் மூன்றாம் இடம். அதற்கடுத்த ஆண்டும் மூன்றாம் இடம். ஒரே ஒரு சீசன் முந்தி வந்த விதியாக இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கோச் ஆட்டத்தை ஜெயிக்கலாம், விதியை ஜெயிக்க முடியாது. சாம்பியன்களும் தங்கவில்லை. ஜித்தினும் எமில் பென்னியும் 2022-லேயே நார்த்ஈஸ்ட் யுனைடெட் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அன்னேசேயும் அங்கேயே கோச். மேலே ஏற முடியாத அணியிலிருந்து மேலே இருக்கும் அணிக்குப் போவதை யார் தடுப்பது?

சென்னை சிட்டியின் சரிவும் இதே வாசலில்தான் தொடங்கியது. கோச் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். ஸ்பெயின் கீழ்நிலை லீக்குகளில் ஆடியவர்களைத் தேடிப் பிடித்து, கோல்கீப்பரிலிருந்தே தரையில் பந்தை நகர்த்தி ஆடச் சொன்னவர். மான்சி கோப்பை வென்ற சீசனில் 21 கோல். கோப்பை வந்ததும் நெஸ்டர் கோர்டியோ ஹைதராபாத் எஃப்.சி. போனார், எட்வின் வான்ஸ்பால் ‘சென்னையின் எஃப்.சி.’ என்ற ஐ.எஸ்.எல். அணிக்குப் போனார். மான்சி அடுத்த சீசன் பாதியிலேயே ஜப்பான் போய்விட்டார். ரொமாரியோ கோவா. நவாஸும் கிளம்பினார். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியபோது எல்லாரும் நிம்மதி அடைந்தார்கள், இனி வேர் பிடித்துவிடும் என்று. 2020-21 முடிந்தது, அதோடு சரி. கோப்பை வந்ததற்கும் பெயர் போனதற்கும் நடுவில் இரண்டே சீசன். கோயம்புத்தூர் ரசிகரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இல்லை.

ஜெர்மனியில் அந்தக் கட்டாயம் லீக் விதியாகவே இருக்கிறது. கிளப்பின் ஓட்டில் பாதிக்கு மேல், அதாவது ஐம்பது சதவீதமும் கூட ஒரு ஓட்டும், உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். ரெட் புல் கம்பெனி 2009-ல் ஐந்தாம் நிலை அணி ஒன்றின் இடத்தை வாங்கி லைப்சிக் அணியைத் தொடங்கியபோது, ஓட்டுரிமை உள்ள உறுப்பினர் என்று ஒரு கைப்பிடி ஆட்களை, அதுவும் கம்பெனிக்கு வேண்டியவர்களை மட்டும் வைத்து விதியைச் சமாளித்தது. 2016-ல் முதல் நிலைக்கு ஏறி, ரால்ஃப் ஹாசன்ஹூட்டலின் கீழ் முதல் சீசனிலேயே இரண்டாம் இடம். ஆட்டம் அருமை என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள், ஓட்டுக் கணக்கை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. நம் பக்கம் அப்படி ஒரு விதியே இல்லாததால் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அலைகிறது. சில பேர் கோச் மேல் காட்டுகிறார்கள், சில பேர் வெளிநாட்டு ஆட்டக்காரர் மேல்.

சீட்டுக் கட்டுகிறவருக்கு ஒரு பாஸ்புக் இருக்கும். எவ்வளவு கட்டினோம், எத்தனை தவணை பாக்கி என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். கால்பந்து ரசிகர் டிக்கெட், ஜெர்சி, பயணம் என்று வருஷக்கணக்காகக் கட்டுகிறார், அவர் கையில் புத்தகம் இல்லை.

அதனால் கம்பெனி கிளப் ஒன்றை நம்பலாமா என்று பார்க்கிறவர் புள்ளிப் பட்டியலை விட்டுவிட்டு வேறு சில இடங்களைப் பார்க்க வேண்டும். கிளப் லைசென்ஸ் என்று ஆண்டுதோறும் ஒரு சோதனை உண்டு. ஆட்டம், மைதானம், ஆட்கள், சட்டம், பணம் என்று ஐந்து தலைப்பு. ஆட்டம் என்ற தலைப்பில் இளையோர் அணிகள் வரும். பணம் என்பதில் தணிக்கை செய்த கணக்கும் சம்பளப் பாக்கி இல்லை என்ற உறுதியும். லைசென்ஸ் மறுக்கப்பட்டால் அல்லது விதிவிலக்கு கேட்டு வாங்கினால், எந்தத் தலைப்பில் என்று பாருங்கள். மைதானத்தில் குறை என்றால் பெரிதாகக் கவலை வேண்டாம், அது பெரும்பாலும் அரசு ஸ்டேடியம், விளக்கும் புல்லும்தான் பிரச்சினையாக இருக்கும். பணத்தில் குறை என்றால் அந்த சீசனே கவனமாக இருங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். கோச்சுக்கு ஓராண்டு, நல்ல இளம் வீரர்களுக்கும் ஓராண்டு என்றால் கிளப் வாடகை வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம். ஒப்பந்தம் முடிந்து போகிற வீரருக்காகக் கிளப்புக்கு மாற்றுத் தொகை என்று ஒரு பைசாவும் வராது. ஒப்பந்தம் நடுவில் இருக்கும்போது போனால்தான் மாற்றுத் தொகை வரும், அந்தப் பணத்தில் அடுத்த ஆளை வாங்கலாம். சாம்பியன் ஆன பிறகு அணி கலைவது தவிர்க்க முடியாதது. வெறுங்கையோடு கலைகிறதா, காசோடு கலைகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

பிறகு, கம்பெனி எதை முதலில் வெட்டுகிறது என்று பாருங்கள். நெருக்கடி வந்தால் முதல் வெட்டு எப்போதும் பெண்கள் அணிக்கும் இளையோர் அணிக்கும்தான் விழும், ஏனென்றால் அங்கே டி.வி. வெளிச்சம் குறைவு. கோகுலத்தின் பெண்கள் 2022 ஆகஸ்டில் ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போய், இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கு ஃபிஃபா தடை விதித்ததால் ஆடாமலே திரும்பினார்கள். அவ்வளவு செலவும் உழைப்பும் வீணாகிய பிறகும் அடுத்த சீசனும் பெண்கள் அணியை நிறுத்திக் கோப்பை வென்றார்கள். கோகுலம் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான், ஆண்கள் வென்ற இரண்டு லீக்கில் அல்ல.

கிளப்பிடம் கேட்க எல்லைப்புற ரசிகருக்கு இரண்டே விஷயம் இருக்கிறது. இரவு ஏழு மணி ஆட்டம் முடிந்து பாலக்காட்டுக்கு ரயில் பிடித்து வீடு சேர நள்ளிரவு தாண்டிவிடும். சனி, ஞாயிறு ஆட்டங்களில் சிலதையாவது மாலை நாலு மணிக்கு வைத்தால் சித்தூர் தாலூகாவிலிருந்து ஒரு வண்டி கூட்டம் வரும். இளையோர் தேர்வு முகாம் ஒன்றைக் கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ வைத்து, அறிவிப்பைத் தமிழிலும் ஒட்டுங்கள். கோயம்புத்தூரில் கிளப் இல்லாமல் போன பிறகு, காலில் பந்தோடு நிற்கிற பையன்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள்.